எற்பாட்டுக் கடல்: ஹவாய்க்கு வடக்கே ஐந்து நாட்கள்

முதல் நாள், இரவு 9 மணி

காலை எட்டரைக்கு ஹொனலுலு துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். கப்பலின் பெயர் கிலோ மோவானா. ஆழ்கடலை அறிய முயல்பவர் என்று ஹவாய் மொழியில் பொருள் சொல்கிறார்கள். 57 மீட்டர் நீளம், இரட்டை உடல். இந்த வகைக் கப்பலை இங்கே எல்லோரும் கேட்டமரான் குடும்பம் என்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நம் கரையோரத்துக் கட்டுமரம்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் போகும் இடத்தில் தீவு இல்லை, பாறை இல்லை. வரைபடத்தில் மட்டும் இருக்கிற ஒரு வட்டம். வடக்கு 22 பாகை 45 கலை, மேற்கு 158 பாகை. ஓவாஹூ தீவிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். பெயர் ஸ்டேஷன் அலோஹா. கீழே ஏறத்தாழ 4,800 மீட்டர் தண்ணீர். 1988 அக்டோபரில் டேவிட் கார்ல், ரோஜர் லூகாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த பயணம் இது. அன்றிலிருந்து ஏறத்தாழ மாதம் ஒரு முறை கப்பல் அதே இடத்துக்குப் போய், அதே ஆழங்களில் அதே அளவுகளை எடுத்துவிட்டு வருகிறது. இதுவரை 300 தடவைக்கு மேல் போயாகிவிட்டது. அங்கே நின்றபடி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளப்பார்கள்.

கடலியல் படிக்க வந்து ஒன்றரை வருடமாகிறது. இந்தப் பயணத்துக்கு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததுமே பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு கோட்டைப் பார்க்க வேண்டும். வகுப்பில் திரையில் பார்த்திருக்கிறேன். கடலின் மேல் நின்றுகொண்டே அது உருவாவதைப் பார்க்க வேண்டும். என்ன கோடு என்று நாளை மறுநாள் எழுதுகிறேன், அதற்குள் அது வந்துவிடும்.

மதியம் தீவின் மேற்குக் கரையோரம் நின்று கருவிகளைச் சோதித்தார்கள். சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. இப்போது பரவாயில்லை. கப்பல் வடக்கே திரும்பிவிட்டது, கரை விளக்குகள் மறைந்துவிட்டன.

இரண்டாம் நாள், பிற்பகல் 3 மணி

அதிகாலை மூன்று மணிக்கே எழுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் எழுப்பக் காரணம் இருக்கிறது.

கடலின் விளைச்சலை அளக்க இங்கே ஒரு பழைய முறையைப் பின்பற்றுகிறார்கள். டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 1952இல் வெளியிட்டது. இருட்டிலேயே வெவ்வேறு ஆழங்களிலிருந்து நீர் எடுத்து, பாட்டில்களில் நிரப்பி, அடையாளமாகக் கதிரியக்கக் கார்பன்-14 சேர்த்து, எடுத்த ஆழத்துக்கே மறுபடி கயிற்றில் கட்டி இறக்கிவிட வேண்டும். 5 மீட்டரில் தொடங்கி 125 மீட்டர் வரை. மேலே மிதவை, மிதவையில் விளக்கு. அஸ்தமனத்துக்குப் பிறகு போய் எடுத்து, பாட்டிலுக்குள் இருந்த பாசிகள் பகல் முழுக்க எவ்வளவு கார்பனை உடம்பில் சேர்த்தன என்று எண்ணுகிறார்கள். சூரியன் உதிக்கும் முன் கயிறு தண்ணீருக்குள் போயாக வேண்டும். இன்று உதயம் 5:50 ஒட்டி. ஐந்து மணிக்கே இறக்கிவிட்டோம். சிவப்பு விளக்கில் வேலை செய்தோம், அந்தப் பாசிகள் விடியும் முன் வெள்ளை ஒளியைப் பார்த்துவிடக் கூடாது என்று. தலைமுடி அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உயிருக்காக இருபது பேர் இருட்டில் பேச்சைக் குறைத்து நடமாடியதைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பாசி என்று எழுதுகிறேன், ஆனால் கோயில் குளத்துப் பாசியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பைட்டோபிளாங்க்டன், தாவர மிதவை உயிரி என்று நம் பாடப்புத்தகத்தில் வருவது. இந்தக் கடலில் அதிகம் இருப்பது ப்ரோக்ளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர். விட்டம் 0.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் நூறை வரிசையாக நிறுத்தலாம். சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் இதைக் கண்டு 1988இல் எழுதினார்கள். இந்த நிலையம் தொடங்கிய அதே வருடம். அதுவரை உலகில் மிக அதிகமாக இருக்கும் ஒளிச்சேர்க்கை உயிர் நம் கண்ணில் படவே இல்லை. இங்கே ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் அது ஐந்து லட்சத்துக்கு மேல் இருக்கும். அப்படியும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது!

அக்காவுக்கு நேற்றைய பதிவை அனுப்பியிருந்தேன். பதில் வந்தது: “ஏன்டி, கடல் எப்பப் பாத்தாலும் நீலமாத்தானே இருக்கு? அத மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் அளக்கறதுக்கு என்ன இருக்கு?”

நல்ல கேள்வி அக்கா. முதலில் அந்த நீலத்தைப் பார்ப்போம்.

இன்று 12:30 தாண்டியதும் மேல்தளத்தில் நின்றேன். ஜூன் மாதம், சூரியன் நேர் உச்சியில். என் நிழல் செருப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டது. சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் வருகிற நிழலில்லா நாள் இங்கே ஜூனில் வருகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் கீழே இருப்பது நீலம் என்று சொல்லிவிட்டுப் போகிற நிறமில்லை. ஊதாவை எட்டுகிற நீலம், உள்ளிருந்து விளக்குப் போட்டதுபோல.

1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா என்ற கப்பலில் ஊர் திரும்பிய சி.வி. ராமன் மத்தியதரைக் கடலில் இப்படித்தான் எட்டிப் பார்த்திருப்பார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்த காலம். ராமன் கையில் இருந்தது ஒரு சிறிய நிக்கோல் பட்டகம். அதைத் தகுந்த கோணத்தில் திருப்பினால் மேற்பரப்பில் பட்டு வரும் வானொளி வெட்டுப்படும். வெட்டிய பிறகும் நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவுக்கு வந்து, கப்பல் பம்பாயைத் தொட்டதும் நேச்சர் இதழுக்குக் குறிப்பு அனுப்பினார்.

என்னிடம் போலராய்டு கண்ணாடி இருந்தது. கழற்றி மெதுவாகச் சுற்றினேன். ஒரு நிலையில் மேற்பரப்பின் பளபளப்பு துடைத்ததுபோல் போய்விட்டது. கீழே நீலம் மட்டும் நின்றது. திருவானைக்காவலில் பிறந்த ஒருவர் நூறு வருடத்துக்கு முன் பார்த்ததை அதே சிரமத்தோடு, ஆடும் தளத்தில் காலை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். ராமன் சொன்னதோடு இன்னொன்றும் சேர வேண்டும் என்பது இன்று தெரியும்: தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுகிறது. விழுங்கியதும் சிதறியதும் சேர்ந்துதான் இந்த நிறம்.

இதில் உயிர்களின் பங்கு எங்கே என்றுதான் அக்கா கேட்க வேண்டும். அது கண்ணில் படாது.

மூன்றாம் நாள், நள்ளிரவு தாண்டி 1:40

தூங்கியது நான்கு மணி நேரம்கூட இருக்காது. ஆனாலும் இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

36 மணி நேரத் தொடர் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிடிடி கருவி 1,000 மீட்டர் வரை இறங்கி ஏறுகிறது. ஆளுயரத்துக்கு மேல் ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றி 24 பாட்டில்கள், நடுவில் உப்பு, வெப்பம், ஆக்சிஜன் அளக்கும் உணரிகள். வின்ச் ஓடுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்கிறது. கப்பலுக்கு அடியிலிருந்து கடல்நீரை இடைவிடாமல் உறிஞ்சும் குழாய் ஒன்றும் ஆய்வகத்துக்கு வருகிறது. அந்தக் குழாயில்தான் நான் பார்க்க வந்த கோடு இருக்கிறது.

அளவை எளிதானது. குழாயின் ஒரு முனையில் சிவப்பு ஒளி, மறுமுனையில் உணரி, நடுவே கடல்நீர். எவ்வளவு ஒளி நேராகப் போய்ச் சேரவில்லை என்று பார்க்கிறோம். சிவப்பைத் தேர்ந்தது ஏன் என்றால், நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருட்கள் சிவப்பை அநேகமாகத் தொடுவதில்லை. அவ்வப்போது நீரை 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாக விட்டு, துகளே இல்லாத நீர் எப்படி இருக்கிறது என்று அளந்து கழித்துவிட்டால், மீதி நிற்பது துகள்கள் விலக்கிவிட்ட ஒளி. அது நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்தால் வருவதுதான் அந்தக் கோடு. இந்தக் கடலில் துகள் என்றால் பெரும்பாலும் உயிர், உயிரின் மிச்சம்.

கால் மீட்டர் நீளத் தண்ணீரில் விடியலுக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. மேலே நின்று கடலைப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் திரையில் தெரிந்தது.

விடியும் நேரத்தில் கோடு பள்ளத்தில் இருந்தது. சூரியன் ஏற ஏற அதுவும் ஏறியது. பத்து மணிக்கு நன்றாகத் தெரிந்தது. நண்பகலில் ஏறிக்கொண்டே இருந்தது, மூன்று மணிக்கும் நிற்கவில்லை. சூரியன் இறங்கும்போது கோடு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. அஸ்தமனத்தை ஒட்டித்தான் உச்சி. ஏழே காலுக்குச் சூரியன் மறைந்தது. அதன் பிறகு கோடு வளைந்து இறங்கத் தொடங்கியது. இதை எழுதும்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளை விடியலுக்குச் சற்று முன் மறுபடி பள்ளத்தைத் தொடும். இதே வட பசிபிக்கில் சீகல் குழுவினர் 1989இல் எழுதிய கட்டுரையில் இந்த வடிவத்தைத்தான் வரைந்திருந்தார்கள்.

ஏன் ஏறுகிறது? பகலில் ஒவ்வொரு செல்லும் கார்பனைச் சேர்த்துப் பருக்கிறது. உள்ளே சத்து செறிய, ஒளியை விலக்கும் திறனும் கூடுகிறது. இதே இடத்தில் எடுத்த நீரை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது: சில பாசிகள் பகலில் கொழுப்பைச் சேமித்து, இரவில் அதை எரித்துப் பிழைக்கின்றன. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று அம்மா நெல்லைக் குதிருக்குள் கொட்டுவது நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம், இந்தக் குதிர் ஒவ்வொரு மாலையும் நிறைந்து ஒவ்வொரு காலையும் காலியாகிறது.

ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை, அதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. சேமித்ததை எரிப்பது ஒன்று. பிரிவது இன்னொன்று: ப்ரோக்ளோரோகாக்கஸ் பிற்பகலில் தன் டிஎன்ஏவை இரட்டித்துக்கொண்டு, இருட்டிய பின் இரண்டாகப் பிரிகிறது. அத்தனை கோடியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். இந்த அளவுச் சிறு உயிர்களில் ஒரு பெரிய செல் சிதறடிக்கும் ஒளியைவிட, அது பிரிந்து வரும் இரண்டு சிறு செல்களும் சேர்ந்து சிதறடிக்கும் ஒளி குறைவு. ஆக எண்ணிக்கை கூடும்போதே தண்ணீர் தெளிகிறது! மூன்றாவது, தின்னப்படுவது. பிறக்கிற அளவுக்கே சாவும் இருக்கிறது, அந்தச் சாவும் இரவையே சார்ந்திருக்கிறது என்று 2015இல் இந்தக் கடல்பகுதியில் எண்ணிக் காட்டினார்கள். அதனால்தான் நாள் தவறாமல் செல்கள் பிரிந்தும் இங்கே பாசி பெருகி நிறம் மாறிவிடுவதில்லை.

நள்ளிரவில் வலை இழுத்தார்கள். நண்பகல் வலையில் வந்ததைவிட நள்ளிரவு வலையில் வந்தது எவ்வளவோ அதிகம். பகலெல்லாம் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தின் இருட்டில் பதுங்கியிருந்த சிறு இறால் வகைகளும் மற்ற மிதவைப் பிராணிகளும் மேலே மேய வந்திருந்தன. வாளியில் கையை விட்டதும் நீலப் பொறிகள் தெறித்தன.

பள்ளியில் ஐந்திணைக்கும் சிறுபொழுது மனப்பாடம் செய்தோமே, நெய்தலுக்கு என்ன? எற்பாடு. சூரியன் சாயும் நேரம். தேர்வுக்காகப் படித்ததோடு சரி, கடலுக்கு ஏன் அந்தப் பொழுது என்று நான் யோசித்ததே இல்லை. அது பிரிவின் இரக்கத்துக்காக வைத்த பொழுது. ஒளியியல் தெரிந்து வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்று ஆறரை மணிக்கு அந்தக் கோடு உச்சியை நெருங்கியபோது, கடல் தன் ஒரு நாள் சம்பாத்தியம் முழுவதையும் உடம்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பொழுது எற்பாடுதான் என்று பட்டது. உடனிருந்தவர்களுக்கு இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். சிறுபொழுது என்ற சொல்லுக்கே பத்து நிமிடமாயிற்று.

மூன்று மணி இறக்கத்துக்கு நான் பாட்டில் வரிசையில் நிற்க வேண்டும். போகிறேன்.

நான்காம் நாள், மாலை 5 மணி

இன்று ஒரு தவறு செய்தேன்.

விடியற்காலை இறக்கத்தின் மாதிரிகளைப் பதியும்போது, கிரீன்விச் நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் ஹவாய் நேரத்தை எழுதிவிட்டேன். இரண்டுக்கும் பத்து மணி நேர வித்தியாசம். ஒன்பது மணிக்குத் தலைமை ஆய்வாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அழைத்தார். என் புள்ளிகள் மட்டும் தனியே விழுந்திருந்தன: கிரீன்விச் ஐந்தரை என்பது இங்கே முந்தைய இரவு ஏழரை. உச்சியில் இருக்க வேண்டிய நேரத்தில் பள்ளத்தின் அளவு. அவர் கடிந்துகொள்ளவில்லை. உப்பின் அளவு என்றால் இந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது, இங்கே நேரமும் அளவையின் ஒரு பாகம் என்று மட்டும் சொன்னார். திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு 20 பக்கத்தையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். வேறு பிழை இல்லை.

நேரம் தெரியாவிட்டால் கடலைத் தப்பாகவே வாசிப்போம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஃப்ளூரோமீட்டர். நீல ஒளியைப் பாய்ச்சி, பச்சையம் திருப்பி உமிழும் சிவப்பு ஒளியை எண்ணும் கருவி. பச்சையத்தை அளக்க உலகமெங்கும், தானே மிதந்து திரியும் மிதவைகளில்கூட, இதைத்தான் பொருத்துகிறார்கள். இரவில் அதன் அளவு மேற்பரப்பில் நன்றாக இருக்கிறது. நண்பகலில் மேற்பரப்பில் சரிந்துவிடுகிறது. அதை மட்டும் பார்த்தால் பாசிகள் மதியம் எங்கோ போய்விட்டன என்றுதான் எழுதுவோம். அவை எங்கும் போகவில்லை. உச்சி வெயிலில் தாங்க முடியாத ஒளியை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன, உமிழ ஒளி மிஞ்சுவதில்லை. அதே நேரத்து நீரை வடிகட்டி, அசிடோனில் பச்சையத்தைப் பிரித்து அளந்தால் அப்படி எந்தச் சரிவும் இல்லை. 100 மீட்டருக்குக் கீழே, பச்சையம் மிகுதியாக உள்ள அடுக்கில், வெளிச்சம் மேற்பரப்பின் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அங்கே இந்தத் தற்காப்புக்கே தேவை இல்லை.

ஒரே தண்ணீர், ஒரே பகல். ஒரு கருவியின் கோடு ஏறுகிறது, மற்றதன் கோடு நண்பகலில் குழி விழுகிறது. இரண்டும் உண்மை. ஒன்று உடம்பைச் சொல்கிறது, மற்றது உடம்பு வெயிலை எப்படித் தாங்குகிறது என்பதைச் சொல்கிறது. ஆக்சிஜன் உணரியும் பகலில் ஏறி இரவில் இறங்கி, முதல் கோட்டோடு நடக்கிறது.

இப்போது மேலே போவோம். அக்வா செயற்கைக்கோள் 2002இல் கடலின் நிறத்தைப் படமெடுக்கத் தொடங்கியது. ஓர் இடத்தின் மேல் பகலில் அது கடந்தது, 2022 வாக்கு வரை, உள்ளூர் நேரம் ஒன்றரை மணி வாக்கில். ஆக நாளுக்கு ஒரு பார்வை, அதுவும் மேகம் இல்லாவிட்டால். நம்மிடம் இருக்கும் உலகக் கடல் வரைபடங்களில் பெரும்பகுதி இப்படி நண்பகலை ஒட்டி எடுத்தவை. விடியல் கடலும் எற்பாட்டுக் கடலும் அவற்றில் இல்லை. செயற்கைக்கோள் பார்ப்பது பின்னோக்கிச் சிதறி மேலே வரும் ஒளியை. அந்தப் பின்சிதறலும் தினம் ஏறி இறங்குகிறது, ஆனால் நான் குழாயில் பார்த்த கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. பிரான்சின் நீஸ் நகரத்துக்கும் கோர்சிகாத் தீவுக்கும் நடுவே 2003 முதல் நிற்கும் பூசோல் மிதவையின் அளவுகளை வைத்து 2014இல் இதைக் காட்டினார்கள்; இரண்டின் ஏற்றமும் நேரமும் ஒன்றல்ல. ஒன்றை வைத்து மற்றதைக் கணக்கிடும்போது கை நடுங்க வேண்டும் என்பேன். கொரியா 2010இல் தன் கடல்களுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நிறுத்தி, பகலில் மணிக்கு ஒன்றாக எட்டுப் படங்கள் எடுத்தது. பசிபிக்கின் நடுவில் இருக்கும் இந்த வட்டத்துக்கு அப்படி ஒரு கண் இன்னும் வாய்க்கவில்லை. அதனால் கப்பல்தான் வர வேண்டும், யாராவது மூன்று மணிக்கு எழ வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அக்காவின் கேள்விக்கு இப்போது சொல்கிறேன். நீலம் மாறுவதில்லை அக்கா, உன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும். ஆனால் பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது. அது நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது என்பதைத் தண்ணீரைத் தொந்தரவு செய்யாமல் சொல்லக்கூடியது விடியலுக்கும் மாலைக்கும் நடுவே உள்ள அந்த மிகச் சிறிய கலங்கல். பாட்டிலில் அடைத்தால் உயிர்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளக்கூடும். கோட்டின் ஏற்றத்தில் அந்தப் பயம் இல்லை.

இரவு பத்துக்குத் தெற்கே திரும்புகிறோம்.

ஐந்தாம் நாள், காலை 7 மணி

தீவு தெரிகிறது. மலைமேல் மேகம், அடிவாரத்தில் கட்டடங்கள்.

கடைசி விடியலைத் தவறவிடக் கூடாது என்று ஐந்து மணிக்கே குழாய் அருகில் உட்கார்ந்துவிட்டேன். தேநீரோடு அக்காவின் செய்தி: “அப்போ இங்க நம்ம கடலும் அப்படித்தானா? அத யாராவது அளக்கறாங்களா?” உயிர் இருக்கும், வெயில் இருக்கும், ஏறி இறங்காமல் இருக்க வழியில்லை என்று எழுதினேன். கரையோரத்தில் ஆற்றுமண்ணும் அலை கிளப்பும் சேறும் சேர்ந்து அந்தக் கோட்டை மூடிவிடும். பிரித்தெடுக்க மெனக்கெட வேண்டும். கரையில் நின்று எற்பாட்டில் ஒருதரம் பார்த்து வை, வந்ததும் பேசுவோம் என்றேன்.

5:50க்குச் சூரியன் வந்தது. கோடு கொஞ்ச நேரம் பள்ளத்திலேயே தட்டையாகக் கிடந்தது. ஆறே காலுக்கு நிமிரத் தொடங்கியது. துறைமுகத்து நீர் குழாய்க்குள் வரக் கூடாது என்று ஆறு நாற்பதுக்கு பம்பை நிறுத்தினார்கள்.